இரண்டு ஊர் மணி

எக்பெர்ட் ஸ்ட்ரூவே வாத்தியார் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தேவாலயத்துப் பக்கம் நடந்தால், ஹெசல்ரோட் பெண்கள் வாசலைவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அந்த ஊரில் மணியடிப்பதும் வாத்தியார் வேலைதான். சண்டை தொடங்கியதிலிருந்து, நடுப்பகலில் பெரிய மணி அடித்தால் போர்முனையில் ஊர்ப் பையன் ஒருவன் போய்விட்டான் என்று அர்த்தம். யார் வீட்டுப் பையன் என்று தெரியும்வரை எந்த அடுப்பையும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

1917 வசந்தத்தில் அந்த மணியையே ஜெர்மன் அரசாங்கம் கேட்டது. பீரங்கிக் குண்டுக்கு உலோகம் போதவில்லையாம். ரொம்பப் பழைய மணி என்றால் விட்டுவிடுவார்கள். நூறு வருஷத்துக்குள் வார்த்தது என்றால் இறக்கிவிடுவார்கள்.

ஹெசல்ரோட் மணிக்கு நானூறு வயதுக்கு மேல் என்றுதான் ஊர் நம்பியிருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் ஸ்ட்ரூவே உள்ளூர்ச் சரித்திரம் எழுதுகிறவராயிற்றே! எட்டு வருஷத்துக்கு முன் மாவட்டப் பத்திரிகையில் எழுதித் தள்ளினார்: 1821இல் விரிசல் விட்ட மணியை வண்டியேற்றி அனுப்பி உருக்கி வார்த்ததற்குத் தேவாலயக் கணக்கே சாட்சி, மணிமேல் இருக்கும் பழைய எழுத்தெல்லாம் பார்த்துப் போட்ட நகல். தன் கடைச் சரக்கு மட்டம் என்று தெருவில் நின்று கூவும் வியாபாரியை ஊர் அன்றுதான் பார்த்தது.

ஊர்த்தலைவர் ப்ரோய்னிங் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கு வந்தார். கையில் வெண்ணெய்ப் பொட்டலம்.

"வாத்தியாரே, நம்ம மணிக்கு வயசைக் குறைச்சது நீங்க. நீங்களே ஏத்திவிடுங்க."

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"உங்க பொண்டாட்டிகிட்ட வயசு கேட்டா நிஜத்தையா சொல்லும்? அது குறைக்குது, நீங்க கூட்டுங்க. அவ்வளவுதான்." ப்ரோய்னிங் சிரித்தார். கூட வந்தவர்கள் சிரிக்கவில்லை. "போன வாரம் என் தம்பி மகனுக்கு அடிச்ச மணி அது. அது போச்சுன்னா ஊர் யார் மூஞ்சியைப் பாக்கும்னு நினைக்கிறீங்க?"

வெண்ணெய் மேஜையில் இருந்தது. மாடு தின்னும் கிழங்கை மனிதர்கள் தின்று ஓட்டிய குளிர்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஆனாலும் மனைவி ஒட்டீலி அதைத் தொடவில்லை. "இதைத் தின்னா செரிக்காதுங்க."

ஸ்ட்ரூவே பழைய கணக்கை மறுபடி எடுத்தார். அந்தக் காலத்தில் கோபுரத்தில் இரண்டு மணி இருந்தது. வண்டியேறியது எந்த மணி என்று கணக்கில் இல்லை. பெரியது என்று முடிவு கட்டியவர் அவர்தான். அப்படியானால் சின்ன மணி எங்கே போயிற்று?

"எங்க ஊரு மணியும் வாங்கினதுதானே" என்றாள் ஒட்டீலி, கிழங்குத் தோலை உரித்தபடி. "ஏதோ மடத்துல வாங்கின பழைய மணின்னு சொல்லிப் பெருமையடிப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரூவே மனைவியின் பிறந்த ஊரான நாட்டன்பாஹுக்குப் போனார். அங்கே மணியடிப்பவர் அவருடைய மாமனார் லெபரெஹ்ட். கிழவர் சந்தோஷமாகச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினார். நாட்டன்பாஹ் மணி பழையது என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போயிருந்தார்கள், அதற்கு ஆபத்தில்லை.

சுவர்ப்பக்கம் திரும்பிய முகத்தில் புறா எச்சம் கெட்டியாக அப்பியிருந்தது. ஸ்ட்ரூவே கத்தியால் சுரண்டினார். வார்த்தவன் பெயர் வந்தது. பிறகு 1821. பிறகு ஹெசல்ரோட்.

ஆக, வண்டியேறியது இந்தச் சின்ன மணி; வார்த்த பிறகு இந்த ஊருக்கு விற்றிருக்கிறார்கள். ஹெசல்ரோட் பெரிய மணி நிஜமாகவே கிழம்.

"இத்தனை வருஷமா புறா மூடி வச்சிருந்ததை நீங்க ஏன் மாப்ள தொறக்குறீங்க?" மாமனாருக்கு மூச்சு வாங்கியது. அது படியேறிய மூச்சு இல்லை.

"எங்க ஊர் மணியைக் காப்பாத்தணும் மாமா."

"தாராளமாக் காப்பாத்துங்க. எங்களதைக் குடுத்துக் காப்பாத்தாதீங்க. நீங்க இங்க எதையும் பாக்கலை."

"பாக்கலை" என்று வாக்குக் கொடுத்தார் ஸ்ட்ரூவே. கொடுக்கும்போது மனதாரத்தான் கொடுத்தார்.

மாவட்டத் தலைநகரில் மணிகளைத் தரம் பிரிக்கும் அதிகாரி டாக்டர் ஃபால்க், எழுந்து நின்று கைகொடுத்தார். ஸ்ட்ரூவே தன் கட்டுரையில் பிழை இருப்பதாகச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்களுமா சார்? இந்த மாசம் எந்த ஊர் வாத்தியார் வந்தாலும் அவர் ஊர் மணிக்கு முந்நூறு வயசு ஏறிடுது. இந்த மாவட்டத்துலயே நம்பி மேற்கோள் காட்டுற மாதிரி எழுதினவர் நீங்க ஒருத்தர்தான்னு நேத்துகூடச் சொல்லிட்டிருந்தேன். ஊர்க்காரங்க என்ன குடுத்தாங்க? பன்றித் தொடையா?"

வெண்ணெய் ஞாபகம் வந்தது ஸ்ட்ரூவேக்கு. காது சூடேறியது. வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருந்தால் ஒரு ஊர் மணியாவது மிஞ்சியிருக்கும். ஆனால் பொய்யன் என்ற பெயரோடு அந்த அறையைவிட்டு வெளியேற அவருக்கு மனமில்லை.

"ஆதாரம் இருக்கு" என்றார். "நாட்டன்பாஹ் கோபுரத்துல. சுவர்ப்பக்கம்."

ஃபால்க் பேனாவை எடுத்தார். முகத்தில் பழைய மரியாதை திரும்பிவிட்டது. "அற்புதம் சார். இதுதான் ஆராய்ச்சி. நாட்டன்பாஹ்... இன்னைக்கே இறக்குற பட்டியல்ல சேர்த்துடறேன்."

"எங்க ஊர் மணியை எடுத்துடுவீங்கல்ல, பட்டியல்லேர்ந்து?"

"எடுக்கணும்னா பெர்லினுக்கு எழுதணும். பதில் வர ஒரு மாசம் ஆகும். வண்டி அடுத்த வாரம் வருது." மை காய ஊதினார். "சேர்க்கிறதுக்கு மட்டும் என் கையெழுத்து போதும்."

வண்டியோடு வந்தவர்கள் தள்ளிவிட, ஹெசல்ரோட் மணி கோபுரத்து ஜன்னல் வழியே புல்லில் விழுந்தது. உடையவில்லை. சம்மட்டியால் அடித்து உடைக்கப் பாதி நாள் ஆயிற்று. அதுவரை அது ஒவ்வொரு அடிக்கும் ஒலித்தது, பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மறுநாள் நாட்டன்பாஹ் மணியும் அதே வண்டியில் ஏறியது.

அந்த வாரக் கடைசியில் லெபரெஹ்ட் வந்தார். மகள் நீட்டிய பார்லிக் காப்பியை வாங்கவில்லை. தோளில் இருந்ததை மேஜையில் இறக்கினார். மணிக்கயிறு. கைபட்டுக் கைபட்டு நுனி கறுத்திருந்தது.

"கோபுரத்துல இனி இதுக்கு வேலையில்லை. துணி காயப்போட உதவும்னு கொண்டாந்தேன்" என்றார் மகளிடம். பிறகு மருமகனை நிதானமாக, சந்தையில் மாடு பார்ப்பதுபோலத் தலைமுதல் கால்வரை பார்த்தார். "நல்ல கயிறு மாப்ள. ஆளையே தாங்கும்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒட்டீலி துவைத்த துணியைக் கூடையோடு எடுத்துக்கொண்டு வெளியே போய், ஈரம் சொட்டச் சொட்ட வேலிமேல் விரித்தாள். உள்ளே ஸ்ட்ரூவே மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கயிறு போட்டபடியே கிடந்தது.