மாக்பால் வைத்த இடம்

எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே, படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. கோடை முழுக்க நல்ல வெயில் வரும். மே பிறந்ததும் நான்காவது மாடி மாக்பால் தன் செம்பருத்தியை அங்கே கொண்டுவந்து வைப்பாள். குளிர்காலத்துக்காக முட்டைக்கோஸை உப்பில் ஊறப்போடுகிற பெரிய எனாமல் அண்டாவில் ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடி. முற்றத்துப் பாப்லார் மரத்தில் முதல் இலை மஞ்சளானால், குளிர் வருமுன் திரும்ப வீட்டுக்குள் போய்விடும். அண்டாவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் புருஷன் அமான்தாய். தூக்கும்போதே சண்டையும் நடக்கும். "நீ தூக்குறியா, இல்ல அண்டாமேல சாஞ்சுக்கிட்டு வர்றியா?" என்று அவள் கத்துவது முற்றம் வரை கேட்கும்.

இந்த வருஷமும் மே மாதம் கொண்டுவந்து வைத்தாள். ஜூலையில் இறந்துபோனாள். காலையில் மூன்றாவது மாடியில் என் வாசலில் நின்று என்னைக் கேலி செய்துவிட்டுப் போனவள், மதியம் இல்லை.

பாப்லார் மஞ்சளானது. செடி அங்கேயே நின்றது. நான் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அதுவே அதிகம். பிறகு அமான்தாயைப் படியில் மடக்கினேன்.

"செடிய எப்பப்பா உள்ள எடுக்கப் போற?"

"எடுக்கக் கூடாதுக்கா."

"யாரு சொன்னா?"

"பெரியக்கா."

பெரியக்கா என்றால் அவனுடைய மூத்த சகோதரி கனிஷா. நாற்பதாம் நாள் சாப்பாட்டின்போது எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள்: வருஷ விருந்து போடும்வரை, இறந்தவள் கைபட வைத்த பொருளை வைத்த இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது. எங்கள் ஜனங்களில் அப்படிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆணியில் மாட்டிய சால்வை மாட்டியபடியே இருக்கும். சரி, இருக்கட்டும்.

"அது சால்வைக்குச் சொன்னதுடா தம்பி. சால்வைக்குக் குளிருமா?"

"செடியையும் அவதானக்கா வச்சா?"

கனிஷாவுக்கே போன் போட்டேன். அவள் வேறு ஊரில், வெதுவெதுப்பான வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். "ரக்கியா, சாங்கியம்னா சாங்கியம்தான். இன்னைக்குச் செடிய நகர்த்துவான், நாளைக்குச் சால்வைய, அடுத்தது என்ன, புதுப் பொண்டாட்டியா?" என்றாள். வாய் வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டேன். அது இன்னும் தொண்டையிலேயே இருக்கிறது.

ஆக, செடியை நகர்த்தாமல் காப்பாற்ற வேண்டும். ஜன்னலில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மாவுப் பசை காய்ச்சி, காகிதத்தைப் பட்டை பட்டையாகக் கிழித்து ஒட்டினேன். சந்துகளில் பஞ்சு அடைத்தேன். அண்டாவுக்கு அடியில் கம்பளித் துண்டு, அண்டாவைச் சுற்றி என் வீட்டுக்காரர் துர்சின்பெக்கின் பழைய கோட்டு.

"கட்டின புருஷன் காலு ஐஸா கெடக்கு. கோட்டு அண்டாவுக்கா?" என்றார்.

"அண்டா பதிலுக்குப் பதில் பேசாதுல்ல. அதான்."

குளிர்காலத்தில் செடி தூங்கும், தண்ணீர் குறைவாக விட்டால் போதும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மண்ணைத் தொட்டால் சில்லென்று இருக்கும், மனசு கேட்காது. ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். அமான்தாயும் வேலையிலிருந்து வந்ததும் ஒரு குவளை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான். ஒருவர் செய்தது ஒருவருக்குத் தெரியாது.

டிசம்பரில் படிக்கட்டைச் சூடாக வைத்திருந்த வெந்நீர் ரேடியேட்டர் வெடித்தது. ஆட்கள் வந்தார்கள், குழாயை அடைத்தார்கள், "பனி உருகட்டும், பாக்கலாம்" என்று போய்விட்டார்கள். மறுநாள் சுவரெல்லாம் உறைபனி வெள்ளையாகப் பூத்துவிட்டது. வீடுகளுக்குள் சட்டையோடு உட்காரலாம், அவ்வளவு சூடு. கதவைத் திறந்தால் மூக்கு மயிர் உறைகிறது. அமான்தாயின் கதவுக்கும் செடிக்கும் நடுவே ஒரு சின்னப் படிவரிசைதான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்க் கதவைத் தட்டினேன்.

"தம்பி, இனிமே தாங்காதுடா."

அவன் நிலைக்கதவில் சாய்ந்துகொண்டான். "உள்ள எல்லாத்தையும் நகர்த்திட்டேன்க்கா. தெரியாமத்தான். கெட்டில எடுத்தேன், எங்கயோ வச்சேன். அவ செருப்பு கால்ல இடறுச்சு, தள்ளிவிட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. அவ வச்ச மாதிரியே இருக்கிறது வெளியில அந்தச் செடி ஒண்ணுதான்."

"அது செத்துப்போச்சுன்னா?"

அவன் கதவைச் சாத்திக்கொண்டான். நான் அங்கேயே நின்றேன். அதட்டினால் கேட்கிற ஆளாக இருந்தால் அதட்டியிருப்பேன். அழுகைதான் வந்தது, அதுவும் கன்னத்திலேயே உறைந்தது. ஒருவனுடைய துக்கத்தில் அடுத்தவர் எந்தப் பக்கம் கை கொடுப்பது?

கதவு மறுபடி திறந்தது. பனியனோடு வந்தான். "துர்சின்பெக் அண்ணனக் கூப்பிடுங்க."

மூன்று பேரும் அண்டாவைப் பிடித்தோம். அசையவில்லை. நாங்கள் இருவரும் ஊற்றிய தண்ணீரெல்லாம் அடியில் வழிந்து, கம்பளித் துண்டோடு சேர்த்து அண்டாவைத் தரையோடு ஒட்டிவிட்டிருந்தது. "ரெண்டு பேருமா சேந்து நல்லா பாத்துக்கிட்டீங்க," என்றார் என் வீட்டுக்காரர். கெட்டில் கெட்டிலாக வெந்நீர் கொண்டுவந்து ஊற்றிப் பெயர்த்தோம். ஒருவழியாக உள்ளே தூக்கி, சமையலறையில் மேஜைக்குப் பக்கத்தில் இறக்கினோம்.

"இலையெல்லாம் பச்சையா இருக்கு பாருங்கக்கா!" ஜூலைக்குப் பிறகு அவன் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். எனக்கும் நெஞ்சு லேசானது. பால் ஊற்றித் தேநீர் போட்டேன். துர்சின்பெக் கனிஷாவைப் போலவே பேசிக் காட்டினார். அமான்தாய் சத்தமாகச் சிரித்தான்.

முதல் கிண்ணத் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை, மேல் இலை ஒன்று மடங்கியது. அப்புறம் அதன் கீழ் இலை. பச்சை கறுத்தது. சூப்பில் வெந்த கீரை போல ஒவ்வொன்றாகத் துவண்டு தொங்கி, நுனியில் தண்ணீர் சொட்டியது. உறைந்தபடியேதான் அது அங்கே பச்சையாக நின்றிருக்கிறது. சூடு பட்டதும் உண்மை வெளியே வந்துவிட்டது. நான் ஓடிப்போய் இலையைக் கையில் ஏந்தினேன். ஏந்தி என்ன செய்ய? கொழகொழவென்று விரலில் ஒட்டியது.

"வெளியில பச்சையாதானக்கா இருந்துச்சு?" என்றான் அமான்தாய்.

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

அமான்தாய் எழுந்தான். அண்டாவின் காதைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தான். இலைகள் தரையில் விழுந்தன. அவன் அவற்றை மிதித்துக்கொண்டே இழுத்தான்.

"என்னடா பண்ற?"

"அங்கயே வச்சிடலாம்க்கா. அங்க நல்லாதான இருந்துச்சு." தனியாக இழுக்க முடியவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஜூலையில் அவ்வளவு ஜனங்களுக்கு நடுவில் ஒரு சொட்டு விடாதவன், இப்போது மூக்கும் கண்ணும் வழிய நின்றான். "அந்தப் பக்கம் பிடிங்கக்கா."

பிரயோஜனமில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாக்பால் நிற்கிற பக்கத்துக்குப் போய், குனிந்து, பிடித்தேன்.