ஒன்றரை அணா உயர்வு

வயிற்றில் ஏழு மாதம். பவுனம்மாள் இதற்கு முன் இரண்டைச் சுமந்தாள்; இரண்டும் துறைமுகத்தில் கரிக்கூடை தூக்கும்போது கலைந்து போயின. இந்த முறை அவள் கேட்டது பெரிய வரம் ஒன்றுமில்லை. புருஷன் எத்திராஜுக்குக் கூலி ஏற வேண்டும், பிள்ளை பிறக்கும்வரை அவள் கரி தூக்காமல் குடிசையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜெர்மன் சண்டை முடிந்து இரண்டாவது வருஷம் அது. எத்திராஜ் வேலை பார்த்த தோல் கிடங்கில் பதினாறு நாள் வேலை நிறுத்தம் நடந்தது. கடைசியில் முதலாளி இறங்கி வந்து நாளுக்கு ஒன்றரை அணா ஏற்றினார். ராயபுரத்துச் சந்துகளில் ஆண்கள் கல்யாண மாப்பிள்ளைகள் மாதிரி நடந்தார்கள். பவுனம்மாள் அன்றே கரி வேலைக்கு முழுக்குப் போட்டாள்.

வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்தது. கூலி ஏறினால் ஆடியில் கூழ் ஊற்றுகிறேன் என்று அம்மனிடம் சொல்லியிருந்தாள்.

"ஊத்து, வேணாங்கல. ஆனா இன்னாத்துக்குனு யார்கிட்டயும் சொல்லாத," என்றான் எத்திராஜ். "ஊரு கண்ணெல்லாம் நம்ம சோத்துப் பான மேலதான் கீது."

"சொல்லாம ஊத்துனா ஆத்தா ஏத்துக்குவாளா? நல்லா கீது நாயம்."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அந்தத் தெருவில் கூழ் ஊற்றுகிறவள், முதல் அகப்பையைத் தூக்கும்போது இன்ன காரியம் கைகூடியது என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். வாய் திறக்காமல் ஊற்றினால் வேண்டுதல் தீராது. இரண்டைப் பறிகொடுத்தவள் அந்த விஷயத்தில் விளையாடுவாளா?

வெள்ளிக்கிழமை பம்பை அடித்தார்கள். "எங்க வூட்டுக்காரருக்கு நாளுக்கு ஒண்ணரையணா ஏறிச்சு, ஆத்தா குடுத்தா," என்று கூவி ஊற்றினாள் பவுனம்மாள். செம்போடு முதல் ஆளாக நின்றவர் நீலமேகம். தெருமுனை அரிசிக்கடை அவருடையது. தெருவிலிருந்த குடிசை மனை அத்தனையும் அவருடையதே. மனிதர் பக்தியோடு மூன்று செம்பு குடித்தார். கடித்துக்கொள்ள வெங்காயமும் கேட்டு வாங்கினார்.

மறுவாரம் அரிசி படிக்கு அரையணா ஏறியது. மாதம் பிறந்ததும் மனை வாடகையில் ஒரு ரூபாய். மிச்சத்தை விறகும் சீமையெண்ணெயும் தின்றன. பவுனம்மாள் கடைக்கே போய்க் கேட்டாள்.

"எனுக்கும் எல்லாம் ஏறிக்கினுதானேம்மா போவுது," என்றார் நீலமேகம், அரிசியை அளந்தபடி. "உனுக்கு ஆத்தா குடுத்துகீறா. எனுக்கு யாரு குடுக்கறது?"

அந்த ஆள் மேல் வந்த ஆத்திரத்தைவிட, தன் வாயாலேயே சொல்லிக் கெடுத்துக்கொண்டோமே என்பதுதான் அவளை அரித்தது. எத்திராஜ் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம்.

பதினெட்டு நாள் இழுத்துப் பார்த்தாள். ஒரு வேளைக் கஞ்சியில் வயிற்றுப் பிள்ளை அசைவது குறைந்தது. கடைசியில் எட்டு மாத வயிற்றோடு துறைமுகத்துக்கே போனாள். கரி மேஸ்திரி சுப்புராஜ் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"வா. ஆனா பொம்பளைங்களுக்கு இப்ப அரையணா கம்மி."

"இன்னாத்துக்கு மேஸ்திரி?"

"தோல் கெடங்குல உங்க ஆம்பளைங்களுக்கு ஏறிக்கீதாமே. ஊரே பேசிக்கினு கீது. ஒரே வூட்டுக்கு ரெண்டு பக்கமும் அள்ளிக் குடுக்க முடியுமா? இஷ்டம்னா தூக்கு."

அவள் சும்மாட்டைத் தலையில் வைத்துக் குனிந்து பார்த்தாள். வயிறு இடம் கொடுக்கவில்லை.

"கொஞ்சம் தூக்கி வுடு மேஸ்திரி," என்றாள்.

தூக்கிவிட்டான், முழுக் கூடையாக.