முன்பலகையில் ஆர்டிஸ் இல்லை

1

உருளைக்கிழங்கு சாலட் கிண்டிக்கொண்டிருந்தபோது கிடைத்த கதை இது. கிடைத்தது என்ன, முப்பது வருஷமாகக் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. அமெரிக்காவில், விஸ்கான்சினில் எங்கள் வீட்டு ஆட்கள் எங்கே கூடினாலும், வெண்டெல் கிளம்பக் காரை எடுத்ததும் யாராவது கத்துவார்கள்: "தங்கச்சி ஏறிட்டாளா, பார்த்துக்கோ!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வெண்டெல் என் கணவர் லேலண்டின் அண்ணன். அந்தத் தங்கச்சிதான் ஆர்டிஸ், இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள், எனக்கு நாத்தனார். தமிழ்க் கதையில் நாத்தனார் வந்தால் என்னென்ன செய்வாள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இவள் அதில் ஒன்றைக்கூடச் செய்ததில்லை. அதனாலேயே இவளை எழுதுவது பெரும்பாடாக இருக்கிறது.

2

ஆரம்பித்துப் பார்த்தவை:

"1967 ஆகஸ்டில் அந்த ஏரி கண்ணாடிபோல—"

அடித்துவிட்டேன். பன்னிரண்டு மோட்டார்கள் உறுமும் ஏரியில் கண்ணாடி ஏது?

"ஆர்டிஸ் பயந்த சுபாவம் உள்ளவள். அன்று காலையிலேயே அவள் மனதில்—"

அப்பட்டமான பொய். அன்று காலை அவள் மனதில் இருந்தது சாசேஜ் இறைச்சியும் தொட்டுக்கொள்ளக் கடுகு சாஸும் மட்டும்தான், அவளே சொன்னாள்.

"கரையெங்கும் விளக்கெண்ணெய் வாசனை."

இது இருக்கட்டும். அந்தக் காலப் பந்தயப் படகு மோட்டார்களுக்கு எரிபொருளோடு விளக்கெண்ணெயைக் கலந்து ஊற்றுவார்கள். நமக்கு அது மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய பேதி மருந்து. இந்த மனிதர்களுக்கோ அந்தப் புகை மூக்கில் ஏறினால்தான் கோடை பிறந்ததாக அர்த்தம்.*

* முதன்முதலில் என்னை இங்கே கூட்டிவந்த அன்று நான் குமட்டிக்கொண்டு ஓடினேன். நான் உண்டாகியிருப்பதாக நினைத்து மாமியார் ஊரையே கூட்டிவிட்டார்.

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மரப்படகு, பின்னால் தொங்கும் மோட்டார். ஓட்டுகிறவர் பின்பக்கம் மண்டி போட்டிருப்பார். இரண்டு பேர் போகும் பிரிவில் இன்னொருவர் அவருக்கு முன்னால், முன்பலகையில் குப்புறப் படுத்திருப்பார். திருப்பம் வந்ததும் உடம்பை இடப்பக்கம் வீசி, படகு கவிழாமல் அழுத்துவது அவர் வேலை. வெண்டெல் ஓட்டினார், பதினெட்டு வயது ஆர்டிஸ் படுத்திருந்தாள். கடைசிச் சுற்றின் கடைசித் திருப்பத்தில் அவள் தண்ணீரில் விழுந்தாள். பாரம் குறைந்த படகு பாய்ந்து முந்தியது. வெண்டெல் முதலாவதாக வந்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கரைக்குத் திரும்பினார்.

அவர்களுடைய அப்பா எமில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"உன் தங்கச்சி எங்கடா?"

வெண்டெல் அப்போதுதான் கவனித்ததுபோல முன்பலகையைப் பார்த்தார். [இந்த 'போல' வேண்டுமா வேண்டாமா என்பதை ஐந்தாம் பகுதியில் முடிவு செய்கிறேன்.]

"இங்கதான்ப்பா இருந்தா."

அவ்வளவுதான். அந்த ஒரு வரி குடும்பச் சொத்தாகிவிட்டது. இரண்டு பேராகப் போனால் இரண்டு பேராகத்தான் வந்து சேர வேண்டும் என்பது விதி. வெற்றி செல்லாது என்றார்கள். குடும்ப நண்பர் குபியாக் காவல் படகில் போய் ஆர்டிஸைத் தூக்கி வந்தார். இன்றுவரை இதை உரக்கச் சொல்லி முதலில் சிரிப்பவரும் அவர்தான். "மூக்குக்கு முன்னாடி படுத்திருந்த பொண்ணைக் காணோமாம்யா!"

ஆர்டிஸ் அதற்குப் பிறகு படகில் ஏறவே இல்லை.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஏறாதவள் ஏன் எல்லா வருஷமும் பந்தயத்துக்கு வருகிறாள்? முதலில் அவளை ஒரு சோகச் சித்திரமாக எழுதி, ஏரியைப் பார்த்துப் பெருமூச்சு விட வைத்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். பெருமூச்செல்லாம் அவளுக்கு வராது. நேரே அவளிடமே கேட்டேன்.

"அந்த ஜோக்குக்கு நானும்தான் சிரிக்கிறேன் தேனு," என்றாள். "ஆனா தலை தண்ணிக்குள்ள போயிட்டா மோட்டார் சத்தம் எங்கிருந்து வருதுன்னே தெரியாது. எல்லாப் பக்கமும் வரும். எனக்குப் பின்னாடி ஆறு படகு வந்துக்கிட்டு இருந்துச்சு. அதை எவனும் ஜோக்குல சேர்க்க மாட்டேங்கிறான்."

"ஏன் இன்னும் வர்றே?"

"சாசேஜ் நல்லா இருக்கே."

இந்தப் பதிலை நான் நம்பவில்லை. ஆனாலும் எழுதிவைத்திருக்கிறேன்.

5

இந்தக் கோடையில் பழைய படகுகளின் கூட்டம் நடந்தது. பழைய மோட்டார், பழைய மரம், அதைவிடப் பழைய ஆட்கள். இங்கே போட்டி கிடையாது, சும்மா ஓட்டிக் காட்டுவதுதான் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். (பரிசும் இல்லை. யார் முதலில் வந்தது என்று ஒருவரையும் கேட்டுவிடாதீர்கள், சாயங்காலம்வரை விட மாட்டார்கள்.) வெண்டெலின் இதயத்தைப் பார்த்த டாக்டர், இதோடு போதும் என்று சொல்லிவிட்டார். அதனால் அவர் அதே படகைப் புதுப்பித்துக் கொண்டுவந்திருந்தார்.

"கடைசி ஓட்டம்டி. நீ வந்து முன்னாடி படு," என்றார் தங்கையிடம்.

"இந்த வயசுல குப்புறப் படுத்தா என்னை எழுப்ப கிரேன்தான் வரணும்," என்றாள் ஆர்டிஸ். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னாள்: "ஒண்ணு சொல்லுடா. அன்னிக்கு நான் விழுந்தது உனக்குத் தெரியுமா? தெரியாதுன்னா ஏறுறேன். தெரிஞ்சிருந்தா, காரை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

"எத்தனை தடவை சொல்றது? கண்ணுல மாட்டியிருந்த கண்ணாடி பூரா தண்ணி. எனக்கு ஒண்ணும் தெரியல."

அவள் அங்கிருந்து நகர்ந்தாள். நான் எரிபொருள் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எழுத்தாளரம்மா, எங்க கதையை எழுதறியாமே," என்றார் வெண்டெல். "அந்த பாஷை எங்க வீட்ல யாருக்காவது படிக்கத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. உங்க தம்பிக்கு 'சோறு', 'போதும்', ரெண்டே வார்த்தைதான்."

"அப்ப எழுதிக்கோ. பார்த்தேன்."

"என்னத்தை?"

"அவ விழுந்ததை. கண்ணாடில தண்ணியே இல்லை. முடிவுக் கொடி தெரியுது, கரையில எல்லாரும் கத்துறாங்க. அந்தப் படகுல கைப்பிடியை அழுத்திக்கிட்டே இருந்தாத்தான் மோட்டார் வேகம் எடுக்கும். கொஞ்சம் தளர்த்தினா தானா அடங்கிடும். ரெண்டு விரலை எடுத்திருந்தா போதும். எடுக்கல."

டப்பா என் கையில் கனத்தது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதே சமயம், இந்த மனுஷன் இதை யாரிடமும் சொல்லாமல் ஐம்பது கோடைகள் கேலியைத் தாங்கியிருக்கிறாரே என்று பாவமாகவும் இருந்தது.

"அப்பா கேட்டப்போ பலகையைப் பார்த்தேன் பாரு, அது நடிப்பு," என்றார். "அதுக்குத்தான் எல்லாரும் இன்னும் சிரிக்கிறாங்க."

'போல' அங்கேயே இருக்கட்டும்.

6

ஆர்டிஸ் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வெண்டெல் படகில் மண்டி போட்டுக் காத்திருந்தார்.

"அவன் உன்கிட்ட ஏதோ சொன்னான். சொல்லிட்டு அவன் மூக்கைச் சிந்தினதைப் பார்த்தேன்," என்றாள். "நீ கதையில என்ன எழுதப் போறே? அவனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அவர்கிட்டயே கேளேன்."

"அவன்கிட்ட கேட்டுக் கேட்டுப் பார்த்தாச்சு. முன்னாடி படுத்தா பின்னாடி இருக்கிறவன் மூஞ்சி தெரியாது தேனு. அவன் கையை நம்பித்தான் படுக்கணும். அதனாலதான் உன்னைக் கேக்கறேன்."

7

எழுதிப் பார்த்த முடிவுகள்:

தெரியாது என்கிறேன். அவள் ஏறுகிறாள். கிழவரின் கடைசி ஓட்டம் நிறைவேறுகிறது. அவள் நம்பிப் படுத்திருப்பது என்னுடைய பொய்யின்மேல்.

தெரியும் என்கிறேன். அவள் கார் சாவியை எடுக்கிறாள். வெண்டெல் காலிப் பலகையோடு—

இல்லை, இதை என்னால் எழுத முடியவில்லை.

தெரியும் என்கிறேன். அவள் வெகுநேரம் அண்ணனையே பார்த்துவிட்டு, அப்படியும் ஏறுகிறாள். இது எனக்கு அளவுக்கு மீறிப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. ஆர்டிஸ் சொன்னால் சொன்னதுதான்.

என் வேலை இதுவரைதான் என்று நல்ல தெளிவோடுதான் சொல்கிறேன். திறமை போதாமல் நிறுத்தவில்லை. யாருக்கும் படிக்கத் தெரியாத பாஷையில் போட்டுவைத்தால் பத்திரமாக இருக்கும் என்று வெண்டெல் நினைத்தார். உங்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது உண்மை தெரிந்தவர்கள் அவர், நான், நீங்கள். எமிலுக்குத் தெரியாது, குபியாக்குக்குத் தெரியாது, தண்ணீரில் கிடந்தவளுக்கும் தெரியாது.

மோட்டாரைக் கிளப்பிவிட்டார்கள். ஆர்டிஸ் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சொல்லுங்கள், இவளுக்கு என்ன பதில்? தங்கச்சி ஜோக்குக்கு நீங்களும் கொஞ்சம் சிரித்தீர்கள்தானே.