மடையப் பாத்துக்க

பத்து வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த விவசாய வேலை ஒன்றே ஒன்றுதான். அதிலும் என் பெண்டாட்டி தலையில் மண்ணள்ளிப் போட்டேன்.

மண்ணூர் பக்கம் அரை ஏக்கர் கழனி, எழிலரசிக்கு அவள் அம்மா எழுதிக் கொடுத்தது. கரிக்கிற போர் தண்ணீரையே வருஷக்கணக்கில் பாய்ச்சியதில் மண்ணில் உப்பு ஏறிவிட்டது. நட்ட நெல் நுனி கருகி மூன்று போகம் போச்சு. நான் ஒரகடத்தில் கம்பெனி ஷிப்ட் பார்க்கிறவன். வீடு வந்தால் கட்டையைச் சாய்த்தால் போதும் என்றிருக்கும். "வெங்கடேசன் லாரி நிறுத்த எடம் கேட்டுகினே கீறான், வுட்டுத் தொலைடி" என்று எத்தனையோ தடவை சொன்னேன். கடைசியில் அவளும் அலுத்துப்போய், "இந்த மழையோட பாப்பேன். தையில நட முடியலன்னா நானே அவனுக்குக் குடுத்துடறேன்" என்றாள்.

மண்ணைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். நல்ல தண்ணீர்தான் வைத்தியம் என்றார்களாம். மழைத் தண்ணீரை நிறுத்தி, உப்பைக் கரையவிட்டு, அந்தத் தண்ணீரை வெளியே ஓட்டிவிட வேண்டும். அப்படி நாலு தரம். கழனிக் கோடியில் வாய்க்கால் வெட்டி மடை வைத்தாள். தனியாகத்தான் வெட்டினாள். ஏரிக்கால்வாயும் தூர்ந்து கிடக்கிறது, ஒரு ஞாயித்துக்கிழமை கூட வா என்றாள். உடம்பு முடியவில்லை என்றேன். பொய் இல்லை, முடியவில்லைதான்.

ஐப்பசியில் இரண்டு தரம் ஓட்டிவிட்டாள். கார்த்திகையில் அவள் தங்கை சுபஸ்ரீக்குப் பிரசவம் என்று மணிமங்கலம் போக வேண்டியதாயிற்று. நைட் ஷிப்ட் முடிந்து படுத்தவனை உலுக்கினாள்.

"தோ பாரு, மானம் மூடிகினு கீது, மழ கொட்டும். மடையப் பாத்துக்க."

"உம்" என்றேன்.

இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது. மூன்றாம் நாள் காலை கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே கழனிக்குப் போனேன். மடை வழியாகத் தண்ணீர் சளசளவென்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் மடையைப் பார்த்துக்கொள் என்றால் ஒரே அர்த்தம்தான்: தண்ணீர் போய்விடக் கூடாது. சின்ன வயதில் இதற்காக அப்பாவிடம் முதுகு வீங்க வாங்கியிருக்கிறேன். உப்பை ஓட்டுகிற கதை தூக்கக் கலக்கத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை. சேற்றை வாரி வாரி அடைத்தேன். சேஃப்டி ஷூவாலேயே நன்றாக மிதித்தேன். கழனி தளும்பி நின்றதைப் பார்க்க மனசு குளிர்ந்துபோனது. எழில் வந்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம் மூன்று வாரம் ஓ.டி. அந்தப் பக்கமே போகவில்லை.

மார்கழியில் அவள் திரும்பி வந்து, நைட் ஷிப்ட் முடிந்து இறங்கிய என்னை நேரே கழனிக்குக் கூட்டிப்போனாள். அந்த இரண்டு நாளுக்கப்புறம் மழையே இல்லை. நின்ற தண்ணீர் நின்ற இடத்திலேயே வற்றியிருந்தது. கரைந்த உப்பு எங்கே போகும்? கழனி முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. மடையை அடைத்திருந்த சேறு இறுகிக் கிடந்தது. அதில் என் ஷூ அச்சு, கட்டம் கட்டமாக.

எழில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாரிக்கு வுடணும்னு வேணும்னே அடைச்சியா?"

"சத்தியமா இல்லடி. நீதானே பாத்துக்கன்ன? அவ்ளோ தண்ணி வீணா போவுதேன்னு மனசு கேக்கல."

குனிந்து வெள்ளைப் பொருக்கை விரலால் சுரண்டிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"தண்ணி போனா மனசு கேக்கலன்ற. நெலம் போனா மட்டும் கேக்குமாய்யா?"

வெட்கமாக இருந்தது. அவள் போனை எடுத்து வெங்கடேசன் நம்பரைத் தேடினாள். சொன்ன சொல் மாறாதவள். போனை அவள் கையிலிருந்து வாங்கி நானே பேசினேன்.

"வெங்கடேசா, எடம் இல்லப்பா. நீ வேற எடம் பாரு."

அவள் முகத்தில் சிரிப்பு ஒன்றும் வரவில்லை. "இன்னும் ரெண்டு தரம் ஓட்டணும். மழை இல்ல. ஏரித் தண்ணிதான் கதி, கால்வாய் பூரா தூர்ந்து கீது" என்றாள். என் சிவந்த கண்ணைப் பார்த்தாள். விடிய விடிய லைனில் நின்றவன் என்று அவளுக்குத் தெரியும்.

மண்வெட்டியை நீட்டினாள்.

"ஷூவக் கயட்டிட்டு வா."