மேல்மாடி அத்தை ஏற்றிய தண்ணீர்

அந்த நாலுமாடிக் குடியிருப்புக்கு ஒரு கோடை முழுவதும் தண்ணீர் ஏற்றியது மோட்டார் அல்ல, மேல்மாடி அத்தையின் இதயம். அப்போது அங்கே குடியிருந்தவர்கள் இதைப் பால் விலை சொல்வதுபோலச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதவர் ஒருவர்தான்: அத்தையின் கணவர், ஊருக்கெல்லாம் மோட்டார் மாமா.

மாமா ஆயுள் முழுக்கத் தண்ணீர் மோட்டார்களைப் பிரித்துச் சேர்த்தவர். அத்தை நெஞ்சுவலியில் பிழைத்து வந்தபோது, தினமும் நடக்கட்டும், மெல்ல மெல்லப் படியேறட்டும் என்றார் டாக்டர். மாமா கேட்டால்தானே? "ஓடுற மோட்டார்தான் தேயும். நீ அசையாம உட்காரு, நூறு வருஷம் வரும்" என்று பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அன்பில் குறையில்லை; சோற்றைக்கூட ஊட்டியே விட்டார். ஒரு காலத்தில் மார்க்கெட் பையோடு இரண்டிரண்டு படியாகத் தாண்டிய அத்தைக்கு, வாசற்கதவுவரை போனாலே மூச்சு இரைத்தது.

"சும்மா கிடக்குற மோட்டார் இறுகிப் போகாதாங்க?"

"அது இரும்பு, இது சதை."

"அப்ப சதைக்கு எதுக்கு இரும்புக் கணக்கு?"

அந்த வாரம் பார்த்துக் கட்டடத்து மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிப்போனது; மாமாவாலேயே எழுப்ப முடியவில்லை. அவர் வேலைக்குக் கிளம்பியதும் அத்தை அரை மாடி இறங்கி ஏறினாள். சுவருக்குள் குழாய் லப்-டப் என்றது. எதிர்வீட்டில் அரை டம்ளர் தண்ணீர் சொட்டியது. பிறகு ஒரு மாடி, இரண்டு மாடி. ஆரம்பத்தில் படபடவென்று அடித்துத் துளித்துளியாய்த் தள்ளிய இதயம், போகப் போக நிதானமாக அடித்து, அடிக்கொரு வாளி தள்ளியது. அத்தை சிரித்தால் ஷவர்த் தண்ணீர் கூரையை முட்டியது. கோபப்பட்ட நாளில் மொட்டைமாடித் தொட்டி வழிந்து தெருவில் மூன்று லாரிகள் தாமாகவே கழுவிக்கொண்டன.

"பைப்புல காத்து, அவ்வளவுதான்" என்றார் மாமா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் படியில் பிடித்துவிட்டார். "சாகணும்னு ஆசையா? போய் உட்காரு!" என்று கத்தினார். அத்தை போய் உட்கார்ந்தாள். மாமா குளிக்கப் போனார். முகமெல்லாம் சோப்பு நுரைத்த நேரம் குழாய் நின்றது. நாலு மாடியிலும் கூச்சல்.

"ஏம்மா! கொஞ்சம் ஏறி இறங்கேன்!"

"தேஞ்சிருவேனே?"

"கண்ணு எரியுதுடி, ஏறு தாயே!"

அன்றைக்கே பிரம்பு நாற்காலி வாட்ச்மேனுக்குப் போனது. ஆனாலும் காத்து என்ற பேச்சை மாமா விடவில்லை. புது மோட்டார் வந்தது. கட்டடம் இடிபட்டது. குடும்பங்கள் திசைக்கொன்றாய்ப் போயின. அத்தை இன்னும் பல வருஷம் நடந்தாள். ஒரு சாயங்காலம் நடந்துவிட்டு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

பழைய குடித்தனக்காரர்கள் கூடிய ஒரு கல்யாணத்தில், யாரோ ஒருவரின் மருமகன் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்: "எல்லாம் கப்சா!" எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

மாமா கைகழுவும் குழாயைத் திறந்து, விரலை நீட்டி, மூடினார்.

"இது ஜில்லுனு வருது மாப்ளே. அவ ஏத்துன தண்ணி இளஞ்சூடா இருக்கும். நான் குளிச்சிருக்கேன்."