கிரிசாந்தோவைக் கண்டு ஓடிய தண்ணீர்

கிரிசாந்தோவை அவருடைய நாய் கடித்த சனிக்கிழமையிலிருந்து தண்ணீர் அவரைக் கண்டு பயப்பட ஆரம்பித்தது. வெறிநாய் கடித்த மனுஷன்தான் தண்ணீரைக் கண்டு அலறுவான் என்று சாமார் தீவில் எல்லோருக்கும் தெரியும். இவர் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். குவளையை வாயருகே கொண்டுபோனால் தண்ணீர் எதிர்விளிம்பில் ஏறிக் கீழே குதித்து ஓடியது. மழை அவர் தலைக்கு மேலே பிரிந்து இரண்டு பக்கமும் விழுந்தது.

கொப்பரை காயவைத்துப் பிழைக்கிறவர் அவர். மனைவி வீட்டுவேலைக்குக் குவைத் போனாள். முதலில் வாராவாரம் பேசினாள், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு பேசவே இல்லை. ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் அவர் குரலுக்குத் தலைதூக்கிப் பார்த்த ஒரே ஜீவன் புலக் என்கிற வெள்ளை நாய். அதுதான் கெண்டைக்காலில் கடித்தது. சுகாதார நிலையத்துக்குப் போனால் நாய் எங்கே என்பார்கள், விஷயம் பரவும், ஊர்க்காரர்கள் தடியோடு வந்துவிடுவார்கள். அதனால் மான்கொம்பு வைத்தியர் தியோவிடம் போனார். தியோ நாயைப் பற்றிக் கேட்கிற ஆள் இல்லை. காயத்தில் பூண்டைத் தேய்த்து, விஷம் இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று கொம்புத்துண்டை வைத்தார். மூன்று தடவை வைத்தும் ஒட்டாமல் விழுந்தது. "விஷமே இல்லப்பா, போய் நிம்மதியாத் தூங்கு" என்றார். அந்தப் பேச்சை நம்பித் தூங்கப் போனவர்களில் சிலர் இன்று கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள்.

மறுநாள் காலை தேவாலய வாசலில் வழக்கம்போலத் தீர்த்தத் தொட்டிக்குள் விரலை விட்டார். தீர்த்தம் மொத்தமும் எகிறி, பக்கத்தில் நின்ற நர்ஸ் மெர்லிண்டாவை நனைத்துவிட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"காலைக் காட்டுங்கண்ணே."

"முள்ளு குத்திருச்சும்மா."

"முள்ளுக்கு நாலு பல்லு இருக்குமோ?"

அவர் குரல் இறங்கிவிட்டது. "அதைக் கொன்னுட மாட்டீங்கல்ல?"

"கட்டிப்போட்டுப் பதினாலு நாள் பாப்போம். ஒருத்தனும் கைவைக்க மாட்டான், நான் பாத்துக்கறேன். ஆனா உங்களுக்கு ஊசி இன்னிக்கே. நோய் தலைக்கு ஏறிட்டா எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க போயிட்டா அதுக்கு யாரு சோறு வைப்பா?"

சுகாதார நிலையத்தில் ஊசிக்கு முன்னால் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீரோ அவர் காலைப் பார்த்ததும் வளைந்து சுவரில் ஏறியது. மெர்லிண்டா சளைக்கவில்லை. காலைப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, சோப்புத் தண்ணீரை ஊற்றி, பையின் வாயை இறுக்கி, ஒதுங்க மூலை இல்லாதபடி இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் பைக்குள் நடுங்கிக்கொண்டே காயத்தைக் கழுவியது. ஒன்பது வருஷத்தில் இன்னொரு மனுஷக் கை அவர்மேல் அவ்வளவு நேரம் இருந்தது அன்றைக்குத்தான். கால்மணி நேரம் முடிந்ததும் அவருக்கு வருத்தமாக இருந்தது.

புலக் ஐந்தாம் நாள் செத்தது. பரிசோதனைக்கு அதன் தலையை நகரத்துக்கு அனுப்பினார்கள். வெறிநோய்தான் என்று பதில் வந்தது. மிச்ச உடலை அவரே குழி தோண்டிப் புதைத்து, அங்கேயே உட்கார்ந்து அழுதார். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று ஊசிக்குத் தவறாமல் போனார். பிழைத்துக்கொண்டார். தண்ணீரின் பயம் மட்டும் தெளியவில்லை. இளநீரில் சின்னதாகத் துளை போட்டு உறிஞ்சினார். அதற்குத் தப்பிக்க வேறு வழி இல்லை. மழை வந்தால், தங்கள் கொப்பரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி அக்கம்பக்கத்தார் அழைப்பார்கள். கள்ளுக்கு மட்டும் யாரும் அழைக்கவில்லை. அவர் உட்கார்ந்தால் எல்லார் கோப்பையும் காலியாகிவிடுமே!

புயலில் ஆற்றுப்பாலம் போனபோது அக்கரை நாய்களுக்கு ஊசி போட வழியில்லாமல் போனது. கிரிசாந்தோ யாரும் கேட்காமலே ஆற்றுக்குள் இறங்கி நடுவில் நின்றார். ஆறு இரண்டு பக்கமும் ஒதுங்கிப் பாதை விட்டது. பாலத்துக்குப் பணம் வரவே இல்லை, பதினொரு வருஷமாக இதுதான் ஏற்பாடு. ஊர் அலுவலகப் பலகையில் எழுதிப் போடுவார்கள்: ஊசி இலவசம், நாயைக் கயிற்றில் கட்டி அழைத்து வரவும், மதியம் பன்னிரண்டு மணிவரை ஆறு திறந்திருக்கும். வருகிறவர்கள் அவரைத் தாண்டும்போது ஒரு வார்த்தை பேசுவார்கள். "என்னண்ணே, இளைச்சுட்டீங்க?" என்பாள் ஒருத்தி. நாய்கள் அவர் காலை மோந்து பார்க்கும். அவர் ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டுக்கொள்வார்.

பன்னிரண்டு மணிக்கு மெர்லிண்டா கரையிலிருந்து கத்துவாள்: "எல்லாரும் போயாச்சுண்ணே, மேல வாங்க!"

"இன்னும் யாராச்சும் வர்றாங்களா, நல்லாப் பாரு."

"யாரும் இல்லண்ணே."

அப்படியும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் அவர் கரையேறுவார். ஆறு அவர் முதுகுக்குப் பின்னால் ஒன்றுசேரும்.