கணக்கில் வராத துண்டுகள்

பிடியின் திருகாணியை அரைச் சுற்றுதான் முறுக்கினாள். டக்கென்று ஒரு சத்தம். மாதிரித் துண்டு பிடிக்குள்ளேயே இரண்டாகிவிட்டது. சோதனை இயந்திரம் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

அவளுக்கு வந்த ஆத்திரம் அந்தத் துண்டின் மேல் அல்ல. உலோகமும் சிலிக்கானும் சேர்ந்த அந்தச் சிலிசைடு கலவையின் குணமே அதுதான். மற்ற உலோகங்கள் தொய்ந்து விழுகிற சூட்டில் அது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். விரிசல் விழுந்தாலும் கொஞ்சம் நெளிந்து கொடுத்து, அதை மேலே ஓடவிடாது. ஆறிப்போனால் வெறும் கண்ணாடி. ஒரு கீறல் போதும், கதை முடிந்தது. ஆத்திரமெல்லாம் கதவருகே டீக்குவளையோடு நின்ற பிரிவுத் தலைவர் மேல்தான். எது நடந்தாலும் அவர் வாயில் ஒரே சொல்தான் வரும் என்பதால், முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'பரவாயில்லை'.

"இதுவும் போச்சா? பரவாயில்ல, குப்பையில போடும்மா."

"சூடாக்காம மாட்டின எல்லாத் துண்டும் இப்படித்தான் சார் உடையுது. அறிக்கையில எழுதணும்."

"மாட்டும்போதே உடைஞ்சதை எப்படிம்மா எழுதறது? சோதனையே நடக்கலையே. அது கணக்குல வராது. சூட்டுல எடுத்த வலிமை எண் அருமையா இருக்கு, அது போதும்."

போதுமாம்! யாருக்குப் போதும்? அதே கலவையில் வார்த்த எஞ்சின் விசிறிச் சக்கரம் அன்று மதியம் பக்கத்துக் கொட்டகையில் முதல்முறையாகச் சுழலப்போகிறது. அதை ஓட்டப்போகிறவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

கொட்டகையில் ஒரு பழக்கம் உண்டு. சக்கரம் செக்கச்செவேலென்று காய்ந்தபிறகுதான் எல்லோரும் தடித்த சுவருக்குப் பின்னால் போவார்கள். அதற்கு முன்பு, தீ மூட்டாமல் சும்மா சுற்றிப் பார்க்கும்போது, தம்பி சக்கரத்தை மூடிய உறையின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒட்டியே நிற்பான். அதிர்வு கைக்குத் தெரியவேண்டுமாம். எஃகுச் சக்கரத்துக்கு அந்தப் பழக்கம் சரி. இது வேறு சரக்கு.

சாப்பிடக்கூடப் போகாமல் நேரே கொட்டகைக்கு நடந்தாள்.

"என்னக்கா, மூக்கு நுனியில கோபத்தோட வர்ற? இன்னிக்கு யாரு மாட்டினது?"

"இளிக்காத. சுவருக்குப் பின்னாடி போய் அங்கிருந்தே ஓட்டு."

"இன்னும் தீயே வைக்கலையே. சூடாகட்டும், அப்புறம் பயந்துக்கலாம்."

"மடையா! சூடானா அது சாது. இப்பத்தான்டா அது ஆளைக் கொல்லும்."

"அறிக்கையில அப்படி ஒண்ணும் போடலையே?"

அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. விறுவிறுவென்று போய், அவன் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, உறையின் மேல் கையை வைத்தாள்.

"சரி, ஓட்டு."

"விளையாடாதக்கா."

"ஓட்டுடா! ஒண்ணும் ஆகாதுல்ல?"

விசைக்கு நீண்ட அவன் கை பாதியிலேயே நின்றது. தன் உயிர் அவனுக்குக் கிள்ளுக்கீரை. அக்காவின் உயிர் அப்படியில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அவளைத் தரதரவென்று சுவருக்குப் பின்னால் இழுத்துப்போனான். வேடிக்கை பார்க்க வந்த பரவாயில்லையும், "பரவாயில்ல, அவங்க ஆசைக்கு இங்கிருந்தே ஓட்டுப்பா" என்று பின்னாலேயே வந்து ஒதுங்கிக்கொண்டார்.

சக்கரம் முனகியபடி வேகம் எடுத்தது. பாதி வேகம்கூட வந்திருக்காது. கொட்டகையே இடிந்து விழுந்ததுபோல் ஒரு சத்தம். புழுதி அடங்கி எட்டிப் பார்த்தால், தம்பி கை வைக்கும் இடத்தில் உறை கிழிந்து தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்கு நேர் எதிரே கொட்டகையின் செங்கல் சுவர் பெயர்ந்து கிடந்தது.

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். பயமும் கோபமும் ஒன்றாக வந்தால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

அதற்குள் பரவாயில்லை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலிடத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

"ஆமா சார், உடைஞ்சிருச்சு. ஆனா சூடுபடுத்தவே இல்ல சார். சோதனைக்கு முன்னாடியே போயிருச்சு, அதனால இது கணக்குல வராது. பரவாயில்ல, வேற சக்கரம் வார்த்துக்கலாம்."

அவள் போனைப் பிடுங்கினாள்.

"சார், துண்டு சோதிக்கிறவ பேசறேன். இந்த ஓட்டைக்கு நேரா என் தம்பி நின்னிருக்கணும். நின்னிருந்தா அவனும் சோதனைக்கு முன்னாடியே செத்திருப்பான். அவன் கணக்குல வருவானா, மாட்டானா? அதை மட்டும் சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற பரவாயில்லை வாயைத் திறந்தார். தனக்குத் தெரிந்த அந்த ஒரே சொல்லையும் விழுங்கிக்கொண்டார்.